ஒரு மணிக்கு ஒரு நாள்

மதுரநாயகம் காலனியில் இருபத்திநாலு வீடு, ஒரே ஒரு போர்வெல், பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணிச் சொல்லிவிடும் அளவுக்கு மெல்லிசான சுவர். அந்தப் பாளையங்கோட்டைக் காலனியின் பி பிளாக் மாடியில் குடியிருந்த இன்னாசிமுத்து என்கிற கல்யாண வீடியோக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நாலு இட்லியைத் தின்றுவிட்டு, தன்னுடைய பதினாலு வருஷத்துக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றினார். கழற்றிய அன்றிலிருந்து அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு மணி நேரம் என்பது ஒரு முழு நாள் ஆகிவிட்டது. இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டியதில்லை. காலனியில் யாரும் பிளக்கவில்லை.

அவர் அதைக் கழற்றியதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை, அவர் மனைவி அமலோற்பவத்தின் வாய். கான்வென்டில் படித்தவள், எதுவும் சொன்ன நேரத்தில் நடக்க வேண்டும், பால் பொங்குவதற்குக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது, அடுப்புப் பக்கத்தில் நின்று பாலையே அதட்டுவாள். இன்னாசிமுத்துவோ, மணவறையில் மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தால்கூட அதைப் படத்திலிருந்து எடுக்கலாமா வேண்டாமா என்று அரை நாள் யோசிக்கிற ஆள். கல்யாணத்தைப் படம் பிடித்து வந்து, ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற மாதிரி ஒட்டி வெட்டுவார், அதற்கு மிக்ஸிங் என்று பேர். ஒட்டி வெட்டியதையெல்லாம் மெஷின் ஒரே படமாகக் கோத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு ரெண்டரிங் என்று பேர். திரையில் ஒரு நீலக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும், ஒரு கல்யாணத்துக்குப் பத்து மணி நேரம் ஊரும், தொண்ணூறு சதவீதம் வந்தபிறகு மெஷின் அசையாமல் நின்றுவிட்டால் முதலிலிருந்து ஊர வேண்டும். அதனால் கோடு முடிகிற வரைக்கும் மிக்ஸிங்காரர் எவரும் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார், அடிக்கடி மவுசை ஆட்டிக்கொண்டு, அதன் திறந்த வயிற்றுக்கு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஜுரம் வந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். ஊரில் மற்றவர்கள் ரெண்டு நாளில் கல்யாண டிவிடியைக் கையில் கொடுத்தார்கள். இன்னாசி வீடியோஸில் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும்போது பெற்றோர் கல்யாண டிவிடி வந்து சேரும்.

"ஊருல உள்ள பொண்ணு மாப்பிளையெல்லாம் உங்க தயவுல ரோஜாப்பூவுக்குள்ள சிரிக்காங்க," என்றாள் அமலோற்பவம் ஒருநாள், சட்னியைத் தட்டில் அடிக்கிற மாதிரி வைத்து. "நம்ம கல்யாணக் கேசட்டு பீரோவுக்கு மேல பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. ஒரு மெஷினு, ஒரு மனுசன், ரெண்டும் ஒரே ஸ்பீடு. இந்த ஜென்மத்துல நம்ம மொகத்த நாம பாக்கப் போறதில்ல."

அடுத்த வாரம் சென்னையிலிருந்து அவர் பேருக்குக் கூரியரில் ஒரு தீப்பெட்டி அளவுப் பொட்டலம் வந்தது, உள்ளே யாரோ கழற்றிப் போட்ட, நாலு மூளை உள்ள பழைய ப்ராசஸர்.

"பழசுக்குள்ள பழசப் போட்டுப் புதுசாக்கப் போறீங்களாக்கும்," என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டும்போது, சூடு இறங்க ப்ராசஸர் தலையில் தடவுகிற வெள்ளைப் பசை காய்ந்து கல்லாகியிருந்தது, கடைகள் அடைப்பு. "ஏளா, வீட்டுல வெள்ளையா, குளுகுளுன்னு எதுவும் இருக்கா?" என்று அவர் கேட்க, அவள் வாஷ்பேசினிலிருந்து பல் விளக்குகிற பேஸ்ட்டை எடுத்துத் தூக்கிப் போட்டாள். கடுகளவு தடவி, தகட்டை மூடி, மெஷினை எழுப்பி, எழுந்ததும் வருகிற நீலத் திரைக்குள் போய், இந்த வேகத்துக்குத்தான் நீ பிறந்தாய் என்று கம்பெனிக்காரன் எழுதி வைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். அதை அதன் அளவுக்கு மேல் ஓட்டுவது என்பார்கள். எல்லோரும் செய்வதுதான். ஏற்றிவிட்டு, ஒரு கல்யாணத்தை ரெண்டரிங்கில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்போது கூடத்துக் கடிகாரத்தில் மணி பதினொன்று.

பதினொன்று இருபத்தைந்துக்கு, தாடையில் ஒரு நாள் முடியோடு வெளியே வந்து, "சாப்பாடு எங்க? பத்து மணி நேரமா பச்சத்தண்ணி குடிக்கல," என்றார்.

"இப்பத்தானே நாலு இட்லியத் தின்னுட்டுப் போனீங்க?"

"முடிஞ்சிட்டுளா," என்றார் அவர், சந்தோஷமா பயமா என்று தெரியாத முகத்தோடு. "ஆனா மெஷின் வேகமா ஓடல. அதே பத்து மணி நேரம். ஒவ்வொரு கோடா நின்னு பாத்தேன்." கையை நீட்டிக் காட்டினார். கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது.

மெஷின் வேகமாகவில்லை, அறைதான் வேகமாகியிருந்தது. அமலோற்பவம் அதை நம்பவில்லை. மத்தியானம் அரைத்த மாவை, அடுப்படியில் இடமில்லை என்று அந்த அறைக்குள் வைத்துவிட்டு வந்தாள், இருபது நிமிடத்தில் மாவு பொங்கித் தூக்கிலிருந்து வழிந்து கதவுக்கு அடியில் வந்து எட்டிப் பார்த்தது, அப்போது நம்பினாள். நம்பியதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளிடம், "அக்கா, மாவு அரைச்சா எங்க வீட்டுல கொண்டு வச்சிருங்க, அரை மணியில இட்லி ஊத்தலாம்," என்று சொன்னவள் அவள்தான். பின்னால் எத்தனையோ நாள், அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும், அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் போட்டு விழுங்கப் பார்த்தாள். விழுங்க முடியவில்லை.

ஏன் எதற்கு என்று காலனியில் ஒருத்தர் கேட்கவில்லை. காலனிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அறை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை காலி என்பதுதான். மாவுத் தூக்குகள் வந்தன, அப்புறம் பலாக்காய் வந்தது, மூன்று மணி நேரத்தில் பழமாகிப் போனது, நார்த்தங்காய் ஜாடிகள் வந்தன, முப்பது மணி நேரத்தில் ஊறின, கையை உடைத்துக்கொண்ட ரோஸ்லின் டீச்சர் மாவுக்கட்டோடு சாயந்திரங்களில் வந்து உட்கார்ந்து, பத்தே நாளில் கட்டைப் பிரித்துக்கொண்டு, லீவு மிச்சம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த டெரன்ஸ், மறுநாள் ஃபிளைட் என்ற நிலையில், பெண்டாட்டி பியூலாவோடு ஒரு பாயும் ஒரு ரைஸ் குக்கரும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய்ச் சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்தான். எட்டு நாள். ரெண்டு தடவை சண்டை போட்டு மூன்று தடவை சமாதானமான முகம் ரெண்டு பேருக்கும். காலனியில் எல்லோரும் அந்த நேரம் பார்த்து மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றலைத் திருப்பிப் போடப் போயிருந்தார்கள்.

மாலை போட்டிருந்த பேச்சிமுத்து, நாற்பத்தெட்டு நாள் விரதத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாமே என்று குருசாமியிடம் கேட்டு, "ஐயப்பன் வெளியில இருக்காரு, மிக்ஸிங் ரூமுக்குள்ள இல்ல," என்று திட்டு வாங்கினான். தவக்காலத்தை உள்ளேயே உட்கார்ந்து ரெண்டு நாளில் முடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஆட்டுக்கறி எடுத்த ஒரு குடும்பத்தைப் பங்குச்சாமியார் பேர் சொல்லாமல் பிரசங்கத்தில் கண்டித்தார். அரசாங்க வேலை ஆர்டருக்குக் காத்திருந்த செண்பகம் மட்டும் ஏமாந்து போனாள். உள்ளே நாலு நாள் உட்கார்ந்து, ஆர்டர் வந்திருக்கும் என்று ஓட்டமாக வெளியே வந்தாள், வெளியே அன்றைய தபால்காரரே இன்னும் வந்திருக்கவில்லை. யாரோ அனுப்ப வேண்டியதை அந்த அறை சீக்கிரம் கொண்டுவராது, உன்னிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் பழுக்க வைக்கும் என்று காலனி அதிலிருந்து தெரிந்துகொண்டது.

மனுஷனையும் அது பழுக்க வைக்கும் என்பதைக் காலனி தெரிந்துகொண்டதா என்றால், தெரிந்துகொண்டது. பேசவில்லை, அவ்வளவுதான்.

இன்னாசி வீடியோஸ் இதனால் ஓகோவென்று போனது. காலையில் கோயிலில் தாலி கட்டினால் சாயந்திரம் வரவேற்பில் அதே கல்யாணத்தை, ரோஜாப்பூ சகிதம், பெரிய திரையில் ஓட விட்டார் இன்னாசிமுத்து. நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆள் வந்தது. முன்னே "என்ன வீடியோ, எங்க டிவிடி என்னாச்சு?" என்று படியில் மறித்தவர்கள் இப்போது "சார்" என்றார்கள். தினம் ஆறு மணி நேரம் உள்ளே இருந்தார். ஆறு மணி நேரம் என்பது ஆறு நாள். ஒரு மணி நேரத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடு கொடுக்க அமலோற்பவத்துக்கு எட்டுக் கை இல்லை. உள்ளேயே ஒரு ரைஸ் குக்கர், ஒரு கெட்டில், ஊறுகாய் பாட்டில், பாய் என்று அவர் தனிக்குடித்தனம் வைத்துக்கொண்டார். ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் காப்பியும் ஒரு மணிக்கு ஒரு தட்டுச் சோறும் நிலைக்கு உட்பக்கம் இருக்கிற ஸ்டூலில் வைத்துவிட்டு, வைத்த கையை நெருப்பிலிருந்து எடுப்பது மாதிரி எடுத்துக்கொண்டு வருவாள் அவள். அந்த அறைக்குள் அவள் உட்கார்ந்ததே கிடையாது. அடுப்படியில் வேலை கிடக்கிறது என்பாள். உண்மை அது இல்லை. நாற்பத்தைந்து வயசில் மாதம் ஒரு தடவை டை அடிக்கிற தலை, அதை வாரம் ஒரு தடவையாக்கிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

முதலில் பிசகிப்போனது சண்டைதான். காலையில் ஒன்பது மணிக்கு அவரைத் திட்டுவாள், அவர் உள்ளே போய்விடுவார், பத்து மணிக்கு வெளியே வரும்போது அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும், அவரோ அதை நேற்றே மறந்துவிட்டு, "மழை பேஞ்சுதா?" என்பார். சண்டையில் ஒரு பக்கம் கொதிக்கவும் ஒரு பக்கம் ஆறவும் இருந்தால் அதில் என்ன சுகம். "காலையில சொன்னேனே, கேஸ் புக் பண்ணணும்னு?" என்பாள். "காலையிலயா?" என்று அவர் நிஜமாகவே யோசிப்பார், அவருடைய காலை நாலு நாளைக்கு முந்தியது. "நான் ஒரு ராத்திரி தூங்கி எந்திரிச்சு வாறேன், நீ அதே வெங்காயத்தை உரிச்சிட்டு இருக்க," என்று ஒருநாள் சிரித்தார். சிரிக்கும்போது கடைவாயில் ரெண்டு பல் இல்லை. அது எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பல் விழுந்ததைச் சொல்லாத புருஷனும் கேட்காத பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருக்கிறார்களே என்று அவளுக்கு முதல் தடவையாக உறைத்தது.

"போதும், நிறுத்துங்க," என்றாள்.

"தை மாசம் முடியட்டும்," என்றார். தை முடிந்து ஆவணி வந்தது, ஆவணி முடிந்து அடுத்த தை வந்தது. அவர் உச்சந்தலையில் முடி போனது, கண்ணாடியின் கனம் கூடியது, படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மெஷினை அணைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அதன் தாய்ப்பலகையில் இருக்கிற சின்ன வட்டப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, கரண்ட் ஒரு நொடி போனால் போதும், ஏற்றி வைத்த எண்களையெல்லாம் அது மறந்துவிட்டுப் பிறந்த வேகத்துக்குத் திரும்பிவிடும், அறையும் திரும்பிவிடும், மறுபடி ஏற்றினாலும் அதே மாயம் வருமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. இதை அசோசியேஷன் செக்ரட்டரி செல்லையாவிடம் இன்னாசிமுத்து பேச்சுவாக்கில் சொன்னதுதான் தாமதம். மின்வாரியத்தில் இருந்து ரிட்டையரான செல்லையா, ஒரே வாரத்தில் இன்வெர்ட்டர் வைத்தார், அதற்கு ஒரு துணை இன்வெர்ட்டர் வைத்தார், பொது ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரும் இழுத்தார், அறை யாருக்கு எப்போது என்று ஒரு நோட்டும் போட்டார். எங்கள் காலனியின் பொதுச்சொத்து என்று கூட்டத்தில் பேசினார். கைதட்டினார்கள். அமலோற்பவத்துக்கும் ஒரு சால்வை போட்டார்கள். நைலான்.

அவள் பங்குச்சாமியாரிடம் போனாள். கடவுள் பேரைச் சொல்லியாவது யாராவது நிறுத்தட்டும் என்று போனவள், நேராகக் கேட்க வெட்கப்பட்டு, "சாமி, அவருக்கு ஏழு மணி நேரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வருது. பூசை காணாம கெடக்காரு. பாவமில்லையா?" என்று கேட்டாள். சாமியார் நல்ல மனுஷர், ரெண்டு வாரம் யோசித்தார். பிறகு சைக்கிளில் வந்து, "கோயில் மணி எந்த ஞாயித்துக்கிழமை காதுல விழுதோ அந்த ஞாயிறு வந்தாப் போதும்மா, மத்தது கணக்கில்ல," என்றார். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, திருவிழாவுக்கு வாங்கின ரெண்டு தார் வாழைக்காய் பழுக்கவில்லை என்றார்.

ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, காலனியே வேலைக்கும் கடைக்கும் போயிருந்த நேரம், கீழே போய் மெயின் ஃபியூசைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். இன்வெர்ட்டர் பீப் என்றது. அறைக்குள் ஃபேன் சத்தம் நிற்கவேயில்லை. அரை நிமிடத்தில் ஆவுடையம்மாள் வாசலில்.

"ஃபியூசு போச்சாட்டி? பதறாத, செல்லையா சாருக்குப் போன் போட்டுட்டேன். உள்ள என் மருமவ இருக்கால்லா, குறுக்கு வலிக்கு டாக்டர் ஒரு மாசம் படுக்கச் சொல்லியிருக்காரு, இன்னும் எட்டு நாளு பாக்கி. நடுவுல போச்சுன்னா முதல்லருந்துல்லா படுக்கணும்."

அமலோற்பவம் கையில் இருந்த ஃபியூசைப் பார்த்தாள். உள்ளே எப்போதும் யாராவது பாதியில் இருந்தார்கள். பாதி கூடிய எலும்பு, பாதி ஊறிய நார்த்தங்காய், பாதி ஆறிய இடுப்பு. யாருடைய பாதியின் மேல் அவள் கையை வைப்பது? செல்லையா பத்து நிமிடத்தில் வந்து, "நல்லவேள, நீங்க கழட்டிப் பத்திரமா வச்சிருந்தீங்கம்மா," என்று ஃபியூசை அவள் கையிலிருந்து நன்றியோடு வாங்கிப் போனார்.

பங்குனியில் இன்னாசிமுத்துவின் அண்ணன் மதுரையிலிருந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயசு, தம்பிக்கு ஆறு வயசு மூத்தவர், ரெண்டு வருஷம் கழித்து வருகிறார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், உள்ளறைத் திரை விலகி, நரைத்த தாடியும் வளைந்த முதுகுமாக ஒரு ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

இன்னாசிமுத்து, "உக்காருண்ணே," என்றார். அண்ணன் உட்கார்ந்தார். அப்புறம் காப்பியைக் குடிக்கவில்லை.

அண்ணன் ஊருக்குப் போன மறுநாள், மணி ரெண்டு தாண்டியும் ஸ்டூலில் வைத்த சோறு எடுக்கப்படவில்லை. ஒரு நாள் பழசான சோற்றின் புளிப்பு வாடை நிலைக்கு வெளியே வந்தது. அமலோற்பவம் சாயந்திரத்துக்குக் கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்து, மூன்று விசில் வரட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்து, அது சீற ஆரம்பித்ததும், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் சாகவில்லை. மெஷின் முன்னால், மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். பிடித்த கையும் ஆடியது, பிடிபட்ட கையும் ஆடியது.

"வந்துட்டியா," என்றார் திரும்பாமல். "போன மாசமே வருவன்னு நெனச்சேன்."

"சோறு வச்சிட்டு இப்பத்தானே போனேன்?"

"சோறு வந்துது. நீ உக்காரலியே."

"அடுப்புல குக்கர் இருக்கு," என்றாள்.

"அது எங்க போவுது. இங்க ஒரு மணி நேரம் உக்காந்தா அங்க ரெண்டரை நிமிஷம்."

ரெண்டரை நிமிடம். கான்வென்டில் கணக்கில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் அந்தக் கணக்கை ரெண்டு வருஷமாகப் போடவில்லை. பால் பொங்குகிற நேரத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பால் பக்கத்தில் நின்றிருந்தாள். பாலை அதட்டிக்கொண்டு.

சுவரோரமாகக் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் திரையில் இருப்பதைப் பார்த்தாள். யாருடைய கல்யாணமும் இல்லை. மர வேலைப்பாடு உள்ள ஒரு பழைய பீடம், அதன் முன்னால் கோட்டு பெரிசாகிப்போன ஒரு ஒல்லி மாப்பிள்ளை, அவன் காது ரெண்டும் தனியாக நிற்கிறது. அவர்தான்.

"பீரோவுக்கு மேல கெடந்த கேசட்டா?"

"ஸ்பிரிட்டப் போட்டுத் தொடச்சு, மெஷின்ல ஏத்திட்டேன். பூஞ்சை போன எடமெல்லாம் படத்துல புள்ளி புள்ளியா நிக்கி. கையாலதான் எடுக்கணும். ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம், ஒவ்வொரு படத்துலயும் நூறு புள்ளி." அவர் நிதானமாக, கஸ்டமருக்குச் சொல்வது போலச் சொன்னார். "ஒரு நாளைக்கு ஒரு செகண்டு ஆவுது. ரெண்டரிங் இல்லாத நேரம் பாத்துச் செய்தேன். ஒன்னேகால் மணி நேரக் கேசட்டு. அறுபத்தெட்டு நிமிஷம் முடிச்சிட்டேன்."

அவள் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பதினோரு வருஷம். அடுப்படிக்கும் உள்ளறைக்கும் நடுவில், ஒன்பது மணிக் காப்பிக்கும் ஒரு மணிச் சோற்றுக்கும் நடுவில், ஒரு மனுஷன் பதினோரு வருஷம் உட்கார்ந்து புள்ளி பொறுக்கியிருக்கிறான். அவள் தட்டில் அடிக்கிற மாதிரி வைத்த ஒரு கரண்டிச் சட்னிக்காக.

"எதுக்கு?" என்றாள். கேட்கும்போதே அபத்தம் என்று தெரிந்தது.

"நீதானளா சொன்ன. நம்ம மொகத்த நாம பாக்கப் போறதில்லன்னு."

"நான் சொல்றதெல்லாம் செய்வீங்களா? ஆயிரம் சொல்லியிருக்கேன். கேஸ் புக் பண்ணச் சொன்னேன், பண்ணுனீங்களா?"

அவர் சிரித்தார். இப்போது முன்பல்லும் ஒன்று இல்லை. வெளியே முதல் விசில் அடித்தது. உள்ளே அது விசிலாக வரவில்லை, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது போல அடிவயிற்றிலிருந்து ஒரு நீளமான சத்தமாகக் கிளம்பி, ஒன்றரை நிமிடம் நின்று, மெல்ல இறங்கியது.

"மிச்சம் ஏழு நிமிஷம் என்ன?" என்றாள்.

"நீ."

அவர் படத்தை ஓட்டிக் காட்டினார். கோயில் வாசல், வெயில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சேலையில் ஒருத்தி வருகிறாள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாசி படர்ந்த கிணறு மாதிரி கருப்பும் பச்சையுமாக ஒரே புள்ளி. மோதிரம் மாற்றும்போது புள்ளி. தாலி ஏறும்போது புள்ளி. எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள், அப்போதைய பங்குச்சாமியார், அண்ணன், தூக்கத்தில் கிடந்த ஒரு கைப்பிள்ளை, எல்லோரும். அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

"ஒம் மொகம் வர்ற எடத்த மட்டும் தள்ளித் தள்ளி வச்சேன்," என்றார். "மொதல்ல கை பழகட்டும், கெடுத்துறக் கூடாதுன்னு. ஒங்க அப்பா, எங்க அண்ணன், மத்தவங்க மேல எல்லாம் போட்டுப் பழகினேன். நல்லாப் பழகிட்டு." ஆடுகிற கையைத் தூக்கி, யாருடையதோ மாதிரி பார்த்தார். "இப்பப் புடிச்சு நிக்க மாட்டேங்குது. பத்து நாளா ஒரு படம் முடியல. கண்ணு எடத்துல தொட்டா மூக்கு போவுது."

பத்து நாள். அதனால்தான் சோறு எடுக்கவில்லை.

அவளுக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. செல்லையாவையா, சாமியாரையா, ஒரு ஆர்டரும் வராத செண்பகத்தையா, கடுகளவு பேஸ்ட்டையா. மெஷினை அணைத்தால் கை ஆட்டம் நிற்காது. பல் முளைக்காது. வெளியே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டால், அவர் மெதுவாக, அவள் கண்ணெதிரே, ஒழுங்கான வேகத்தில் கிழவராக இருப்பார், அந்த ஏழு நிமிடம் இந்தப் பெட்டிக்குள் பூஞ்சையாகக் கிடக்கும். உள்ளேயே இருந்தால் ஏழு நிமிடத்துக்கு நானூற்றிச் சொச்சம் நாள். வெளியே பதினெட்டு நாளுக்குள் முடிந்துவிடும். எதைச் செய்தாலும் போனது போனதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கணக்கு ஒன்றே.

"தள்ளுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"தள்ளி உக்காருங்கன்னேன். எலிய இங்க குடுங்க. எந்த பட்டன்?"

"ஒனக்குப் பொறுமை கெடையாதுளா."

"அரிசியில கல்லு பொறுக்குறவ நான். ஒங்க வீட்டு ரேஷன் அரிசிய இருபத்தஞ்சு வருசமாப் பொறுக்குதேன். ஒரு நாள் கல்லு கடிச்சிருக்கா? எந்த பட்டன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். பக்கத்தில் இருக்கிற நல்ல இடத்திலிருந்து கொஞ்சம் நிறத்தை எடுத்து, புள்ளியின் மேல் வைக்க வேண்டும். நெற்றியின் புள்ளிக்கு நெற்றியிலிருந்து எடு, கன்னத்துக்குக் கன்னத்திலிருந்து, அவசரப்பட்டு நெற்றியைக் கன்னத்தில் வைக்காதே. முதல் புள்ளியை எடுக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. கெடுத்தாள், திரும்ப எடுத்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரெண்டாவது விசில் எப்போது வந்து எப்போது போனது என்று அவள் கவனிக்கவில்லை. நடுவில் அவர் எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்து, ரெண்டு டம்ளரில் காப்பி கலந்து, ஆடுகிற கையால் பாதியைத் தரையில் கொட்டி, மீதியை அவள் முன்னால் வைத்தார். அவள் திட்டவில்லை. குடித்தாள். சர்க்கரை இல்லாத காப்பி. எப்போதிலிருந்து சர்க்கரையை விட்டார் என்று கேட்டாள். அவர் அதை ஆதியோடந்தமாக, ஆறு வருஷக் கதையாக, சொல்ல ஆரம்பித்தார்.

மூன்றாவது கப்பல் ஊதியது. "ஒங் குக்கரு," என்றார் அவர். "போய் அமத்திட்டு வா. கருகிரும்."

அவள் முக்காலியிலிருந்து எழவில்லை. நிலைக்கு வெளியே, திரைக்கு அப்பால், தன்னுடைய நாற்பத்தேழு வயசும் கேஸ் அடுப்பும் காய்ந்துகொண்டிருக்கிற துணியும் அசையாமல் நிற்பது தெரிந்தது.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆவுடை அக்கா எண்ணிட்டுத்தான் இருப்பா," என்றாள். "மூணு ஆச்சுன்னா அவளே வந்து அமத்துவா. நீங்க சொல்லுங்க, அப்புறம் டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் சொல்லிக்கொண்டிருந்தார், சத்தம் இன்னும் இறங்கவில்லை. அது முழுசாக அடங்குவதற்குள், வெள்ளை முக்காட்டின் ஓரத்தில், பாசியை விலக்கிக்கொண்டு, இருபத்தொரு வயசுக் கண் ஒன்று வெளியே வந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்பது போல, ரெண்டு பேரையும் பார்த்தது.